பித்தளை வளையம்

மாதனூர்க் கல்யாணத்திலிருந்து
விடியும் நேரம் திரும்பியிருக்கிறது ஜரிகை.
நெற்றியில் வெள்ளைக் கோடு, அதனால் அந்தப் பெயர்.

பிடரி முழுக்க ஜிகினா.
விரலால்தான் எடுக்க வேண்டும். சீப்பு போட்டு
மயிர் அறுந்தால் அமானுல்லா அண்ணன் கேட்பார்.
வாடகை அவருக்கு, சிக்கு எனக்கு.

மயிர் போன போக்கிலேயே முதுகைத் தேய்க்கிறேன்.
சேணம் அழுத்திய இடம் மட்டும்
தொட்டதும் சிலிர்க்கிறது.
எட்டு மணி ஷிப்டில் இதே கைக்குத்
தோல் வரும், நம்பர் குத்தி, அடுக்கடுக்காய்.
ஒருநாளும் சிலிர்த்ததில்லை.

பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
தொழிற்சாலை வாடை.
காது இரண்டும் பின்னால் போகும்.
"ஒண்ணுமில்லடி" என்பேன்.
பொய்தான்.

பின்னங்கால். தோளால் முட்டினால் தூக்கிக் கொடுக்கும்.
குளம்புப் பள்ளத்தில் சாணி, தார், நசுங்கிய ரோஜா.
கொக்கி நுனியில் ஏதோ இடறியது:
ஷூவில் நாடா கோக்கிற பித்தளை வளையம்.
எங்கள் லைனில் அடிக்கிறோமே, அதே அளவு.
என் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.
இதோடா ஊர்வலம் முழுக்க நடந்தாய்?

திருடினேனா என்று கேட்டில் தடவிப் பார்ப்பார்கள்,
வெளியே வரும்போதுதான். உள்ளே போகையில் இல்லை.
முந்தானையில் முடிந்துகொண்டேன்.

காலை மெதுவாகக் கீழே விட்டேன்.
முழுப் பாரமும் வைக்குமுன்
ஒருதரம் லேசாக ஊன்றிப் பார்த்தது.