வெள்ளரி வாசம்

ஊர் மொத்தத்துக்கும் அது பாசி.
குளத்தில் மிதந்தால் பாசி, படியில் வழுக்கினால் பாசி,
கோத்துக் கழுத்தில் போட்டாலும் பாசி.
என் பதிவேட்டில் மட்டும் ஐந்து கட்டங்கள்:
பச்சை, நீலப்பச்சை, டயட்டம், பொன்னிறம், மற்றவை.

ஜூன் இரண்டாம் வாரம்.
சீசன் முடிந்து கார்கள் மலை இறங்கிவிட்டன.
நாயுடுபுரத்து லாட்ஜிலிருந்து போன்:
"மேடம், தண்ணியில வெள்ளரிக்கா வாசம் வருது.
நல்லாத்தான் இருக்கு. ஆனா
பன்னெண்டாம் நம்பர் ரூம்ல பயப்படுறாங்க."

பம்ப் ஆபரேட்டர் பிலவேந்திரன்
மேல்தேக்கத்தில் வாளி இறக்கி
மூன்று பாட்டில் நிரப்பிவந்தார்,
ஸ்வெட்டருக்குள் வைத்து, முட்டை கொண்டுவருவதுபோல.
மூடியைத் திறந்து மூக்கை நீட்டினார்.
"வெள்ளரி இல்ல மேடம், முலாம்பழம்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

ஒரு சொட்டு. மேலே கண்ணாடிச் சில்லு.
வோல்டேஜ் குறைந்து விளக்கு மங்குகிறது.
அடையாளப் புத்தகம் பதில் சொல்லாது, கேள்வி கேட்கும்:
நூல்போல் நீள்கிறதா? ஆமெனில் இரண்டுக்குப் போ,
இல்லையெனில் ஐந்துக்கு.
நூலாக ஒன்று இருந்தது,
உள்ளே பச்சை நாடா ஸ்பிரிங்போல் சுற்றிக்கொண்டு.
அதற்குக் கேள்வியே வேண்டாம். ஸ்பைரோகைரா.
பள்ளியில் படம் போட்டு ஐந்து மதிப்பெண் வாங்கியது.
கண்ணாடி ஓட்டுக்குள் படகுபோல் ஒன்று,
சீப்புப் பல்லாய்க் கோடுகள்: டயட்டம்.
அயோடின் விட்டேன். கறுத்ததெல்லாம் பச்சை,
மாவுச்சத்து சேர்த்துவைக்கும் குடும்பம்.
கறுக்காதது வேறு வீடு.

நீலப்பச்சை பாசியே இல்லை, பாக்டீரியா
என்கிறது புத்தகத்தின் புதிய பதிப்பு.
பதிவேடு அச்சடித்தது தொண்ணூற்றிரண்டில்.
நகராட்சிக்கு இன்னும் தகவல் போகவில்லை.

அயோடின் படாத இன்னொரு சொட்டில்
அது வந்தது.
உருண்டை. பொன்பழுப்பு. உருண்டுகொண்டே.
முப்பது நாற்பது உயிர்கள் சேர்ந்து,
மழையில் ஒரே குடைக்குள் நிற்பவர்கள்போல்
முதுகு உள்ளே, முகம் வெளியே.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்டை, ஒன்று குட்டை.
வட்டத்தின் விளிம்பில் மறையும்; ஸ்லைடை நகர்த்துவேன்;
மறுபடி மறையும்.
டீ ஆறி ஆடை கட்டும்வரை பின்னாலேயே போனேன்.
ஏழாம் கேள்வி: மேலே செதில் உண்டா?
உண்டு.
சைனூரா.
வாய்விட்டுச் சொன்னேன், அறையில் யாருமில்லை.
பதினொரு வருடத்தில் முதல் முறையாக
நாலாவது கட்டத்தில் ஓர் எண்.

உதவிப் பொறியாளர் பெயரைப் படிக்கவில்லை.
எண்ணைப் படித்தார். "எத்தனை கிலோ போடணும்?"

மறுநாள் காலை, மூட்டத்துக்குள்,
சாக்கில் கட்டிய மயில்துத்தத்தைப்
படகின் பின்னால் இழுத்துப் போனார் பிலவேந்திரன்.
நீலமாய் ஒரு வால், கரைந்து கரைந்து.
நான் கரையில் நின்று சுற்றுகளை எண்ணினேன்.

சாகும்போதுதான் வாசம் கூடும் என்பது
புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.
அன்று மாலை செண்பகனூர் வரைக்கும்
குழாய் திறந்த வீடெல்லாம் வெள்ளரித் தோட்டம்.

பம்ப் அறையின் வடக்குச் சுவரில்
செங்காவி நிறத்தில் ஒன்று படர்ந்திருக்கிறது.
பெயின்ட் என்று நினைத்து
அதன்மேலேயே தேர்தல் சின்னம் வரைந்தார்கள்.
துரு என்கிறார் பிலவேந்திரன்.
சிமென்ட்டுக்குத் துரு பிடிக்குமா என்றால்
"கொடைக்கானல்ல எதுக்கும் பிடிக்கும் மேடம்."
நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டேன்.
அது பச்சைப் பாசி,
வெயிலுக்கு ஆரஞ்சுச் சட்டை போட்டிருக்கிறது.
கொஞ்சம் நீர்விட்டு, நிழலில் வைத்த பாட்டிலில்,
மூன்றாம் வாரம் ஓரத்தில் பச்சை தெரிகிறது.

பதிவேட்டில் ஏற்றவில்லை.
யாராவது கேட்டால்
துரு என்று சொல்வேன்.