விரிசலின் மேல் கண்ணாடி

எங்கள் வீட்டில் முட்டையை மேசைமேல் வைத்தால்
ஜன்னல் பக்கமாக உருளும்.
பீரோவின் இரண்டு கால்களுக்கு ஆப்பு வைத்திருக்கிறேன்;
போன வருஷம் இரண்டு விரல் கனம், இப்போது மூன்று.
சிலேசியாவில் எங்கள் தெருவே இப்படித்தான்.
அறுநூறு மீட்டர் கீழே கரியை எடுத்துவிட்டார்கள்,
அந்த வெற்றிடத்தை மேலிருந்து
மெல்ல மெல்ல நாங்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த டிசம்பரில் நகரத்தில் மாநாடு.
விடுதிகளில் இடமில்லை. என் மகள் டொரோத்தா
தன் பழைய அறையைப் பன்னிரண்டு இரவுக்கு விலை பேசிவிட்டாள்.
வந்தவன் பெயர் பரனிக்கோ. கிரிபாட்டி தீவுக்காரன்,
கால்சட்டைமேல் இன்னொரு கால்சட்டை போட்டிருந்தான்.
"உங்கள் தீவு எவ்வளவு உயரம்?"
கணப்பின் மேல் ஓடுவரைக்கும் கையை உயர்த்திக் காட்டினான்.
பிறகு யோசித்து, சற்றுத் தாழ்த்திக்கொண்டான்.

அவன் ஃபோன்தான் எங்கள் இருவருக்கும் பேசியது.
இருமலை மட்டும் அது மொழிபெயர்க்கவில்லை.

கணப்பில் கரி போட்டேன். வேறென்ன போடுவது?
யோவாகிம் செத்த பிறகும் சுரங்கம் எனக்கு
வருஷம் இரண்டு டன் அளக்கிறது,
முப்பத்தோரு வருஷ மூச்சுக்கு மிச்சச் சம்பளம்.
பகலெல்லாம் அந்தக் கரிக்கு எதிராகப் பேசிவிட்டு
இரவு பதினொன்றுக்கு வந்து
சூடான ஓடுகளில் முதுகைச் சாய்த்து உட்காருவான் பரனிக்கோ.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும்தான்.

"அங்கே என்ன சண்டை?"
ஒரு சொல்லாம். கரியை 'நிறுத்துவதா', 'குறைப்பதா'.
இரண்டையும் அடைப்புக்குறிக்குள் பூட்டி
ஐந்து இரவாகக் காவல் இருக்கிறார்களாம்.
சிரித்துவிட்டேன்.
இங்கே யாரும் எங்களிடம் எந்தச் சொல்லும் சொன்னதில்லை.
ஒரு காலையில் வாயிற்கதவில் சங்கிலி தொங்கும்,
அவ்வளவுதான்.

அப்போதுதான் சமையலறைச் சுவரைப் பார்த்தான்.
விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிய கண்ணாடிப் பட்டை,
மூலையில் தேதி, யோவாகிமின் கையெழுத்து.
கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் நின்றுவிட்டது.
உடைந்தால் படிவம் எழுத வேண்டும்:
எந்த மாதம், எந்தச் சுவர், எத்தனை மில்லிமீட்டர்.
சுரங்கத்து ஆள் வருவான், அளப்பான்,
குறைத்துத்தான் எழுதுவான், ஆனாலும் பணம் தருவான்.
பள்ளம் பறித்தவன் பொறுப்பு. சட்டம் அப்படி.

ஃபோனை இரண்டு முறை சொல்லவைத்தான்.
"தருவார்களா?"
தருவார்கள்.
"எங்கே போய்க் கேட்பீர்கள்?"
மூன்றாம் மாடி, ஏழாம் அறை, செவ்வாயும் வியாழனும்.

வெகுநேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு ஃபோனை விட்டுவிட்டு அவன் மொழியிலேயே பேசினான்.
ஃபோன் பின்னாலேயே ஓடி வந்து சொன்னது:
கிழங்குக் குழியில் கடல் வந்து உட்கார்ந்துவிட்டது.
கிணறு உப்பு.
என் தம்பி வீட்டில் சுவரே இல்லை,
கண்ணாடியை எதில் ஒட்டுவது?

இழுப்பறையில் உடைந்த பட்டைகள் பதினொன்று இருந்தன.
ஒன்று கேட்டான். தொண்ணூற்றேழு மார்ச்சைக் கொடுத்தேன்.
சபையில் தூக்கிக் காட்டப்போவதாகச் சொன்னான்.
வாசலிலேயே காவலர்கள் பிடுங்கிக்கொண்டு
ஒரு ரசீது தந்தார்களாம்.
'கூர்மையான பொருள்: ஒன்று.'

மாநாடு ஒரு நாள் கூடுதலாக ஓடி முடிந்தது.
எந்தச் சொல் ஜெயித்தது என்று கேட்டேன்.
காலுறைகளை மடித்துக்கொண்டே இருந்தான்.
போகும்போது அந்த ரசீதை மேசைமேல் வைத்தான்.
அது ஜன்னல் பக்கம் நகரவில்லை, தாள்தானே.

பிப்ரவரியில் புதுக் கண்ணாடியும் உடைந்தது.
படிவம் நிரப்பி மூன்றாம் மாடி ஏறினேன்.
'இணைப்புகள்' என்ற இடத்தில் ரசீதையும் வைத்தேன்.
"இது என்ன?" என்றாள் அங்கிருந்த பெண்.
இன்னொரு வீடு, என்றேன்.
அந்த வீட்டின் முகவரி கேட்டாள்.
பெருங்கடல் என்று எழுதிக் காட்டினேன்.
என் படிவத்தில் மட்டும் முத்திரை குத்திவிட்டு
ரசீதைத் திருப்பித் தந்தாள்.

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
வியாழக்கிழமையும் இதே அறைதானே, என்று கேட்டேன்.