இடது கால், பதினொன்று நாற்பத்திரண்டு

விழித்திருக்கும் ஹெல்காவை நான் பார்த்ததில்லை.
அவள் தூங்கிய பிறகுதான் என் முறை.
உச்சந்தலையில் திருகாணிபோல் சுருண்ட ஊசிகள்,
தொடையில், கெண்டைக்காலில், பாதத்தில் நேர் ஊசிகள்,
வம்புதும்புக்குப் போகாத கைகளிலும் இரண்டிரண்டு
(ஒப்பிட்டுப் பார்க்கக் கைகள் வேண்டும்).
மொத்தம் முப்பத்திரண்டு.
பற்களுக்கிடையே துணிச்சுருள்.
பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லத் தேவையில்லை,
நான் மின்சாரம் அனுப்பும்போதெல்லாம்
தாடை தானே கடிக்கும். நாக்கு தப்ப வேண்டும்.

பதினைந்து வயது. வளைவு அறுபத்தெட்டு டிகிரி.
வரைபடத்தோடு காட்டுக்குள் ஓடும் பந்தயக்காரி.
எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்
நிமிர்ந்து உட்கார் என்று!
அவள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

மூலையில் என் திரை. எட்டுத் தசைகள், எட்டுக் கோடுகள்.
"தூண்டுகிறேன்" என்பேன்.
அறுவை மருத்துவர் யூலிதாலோ கையை எடுப்பார்.
மூளை தூங்குகிறது, ஆனாலும் செய்தி
தண்டுவடத்தில் இறங்கிப் போய்ப்
பாதத்தைத் தட்டும்.
பச்சைத் துணிக்கடியில் ஒரு சின்ன உதறல்.
"இருக்கிறது. எல்லாம் இருக்கிறது."
காலையிலிருந்து என் பேச்சு இவ்வளவுதான்.

பதினொன்று நாற்பத்திரண்டு.
இரண்டாவது கம்பியைத் திருப்பி முதுகை நேராக்கினார்கள்.
எலும்பு நெட்டி முறித்த சத்தம் மூலைவரை வந்தது.
தூண்டினேன்.
வலது கால் உதறியது. கைகள் உதறின.
இடது கால் எழ வேண்டிய இடத்தில்
ஏரி.
மேடில்லை, பள்ளமில்லை,
ஜனவரியில் உறைந்த ஏரி.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.
மூன்று வாரம் முன்பு இதேபோல் கத்தினேன்.
எல்லோரும் நின்றார்கள், கம்பியைக் கழற்றினார்கள்,
கடைசியில் பார்த்தால்
ஒட்டுப்பட்டைக்கடியில் ஓர் ஊசி நழுவியிருந்தது.
யூலிதாலோ ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றும் சொல்லாதது மதிய உணவுவரை நீண்டது.
ஆகவே இன்று
நான்கு வினாடி பேசாமலிருந்தேன்.
பதிவில் அந்த நான்கும் இருக்கும்.
யாரும் கேட்கப்போவதில்லை.

"இடது கால் இல்லை."
நான் நினைத்ததைவிடச் சின்னக் குரல்.
"மறுபடி?"
"மறுபடியும் இல்லை. ஊசி சரி. பார்த்துவிட்டேன்."

யாரோ வானொலியை நிறுத்தினார்கள்.
மயக்க மருத்துவர் தார்யா ரத்த அழுத்தத்தை ஏற்றினாள்,
எழுபதிலிருந்து தொண்ணூறுக்கு.
வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றினார்கள்.
திருகுகள் ஒவ்வொன்றாகத் தளர,
இரண்டு மணிநேர வேலை பின்னோக்கி நடந்தது.
முதுகு தன் பழைய வளைவைத்
தேடிக்கொண்டு போனது.

ஒரு நிமிடம். ஏரி.
மூன்று. ஏரி.
ஏழு.
யூலிதாலோ கைகளை மார்பருகே கோத்து நின்றார்,
குளிரில் பேருந்துக்குக் காத்திருப்பவர்போல.

பதினோராவது நிமிடத்தில்
பனிக்கடியில் மீன் புரண்டதுபோல் ஒரு நெளிவு.
நம்பவில்லை. இன்னொரு முறை.
நெளிவு, கொஞ்சம் உயரமாக.
"இருக்கிறது. பாதிதான். ஆனால் இருக்கிறது."

முப்பத்தொரு டிகிரியை மிச்சம் வைத்துத் தைத்தார்கள்.
பன்னிரண்டு என்று அவளிடம் சொல்லியிருந்தது.
ஒருநாள் கண்ணாடி முன் நின்று கேட்பாள்,
ஏன் இன்னும் கோணல் என்று.
கண்ணாடிவரை நடந்துதானே போனாய்
என்று யாராவது சொன்னால் கோபம் வரும் அவளுக்கு.
வரட்டும்.

ஊசிகளை எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு.
தார்யா குனிந்து சொன்னாள்,
"ஹெல்கா, கால் விரலை ஆட்டு."
வலது ஆடியது. பிறகு,
அந்தப் பிறகு எனக்கு நீளமாயிருந்தது,
இடது,
எரிச்சலுற்ற பூனையின் வால்நுனிபோல.
அவள் கண் திறக்குமுன் வெளியே வந்துவிட்டேன்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது ஓவுலு நகரம்.
மைனஸ் பதினெட்டு. சைக்கிளை எடுத்தேன்.
பாலத்தில் பனி நறநறத்தது.
இடது கால் மிதித்தது, வலது கால் மிதித்தது,
யாரிடமும் கேட்காமல்.
பாலம் முடிகிற இடத்தில் சிவப்பு விளக்கு.
ஒரு காலைத் தரையில் ஊன்றி
மெதுவாக நான்குவரை எண்ணிப் பார்த்தேன்.
நான்கு
சின்ன எண் இல்லை.