ஆளுக்கு எட்டு வரி

திங்கட்கிழமை, பதினான்காம் பக்கம், வலது கீழ்மூலை,
குதிரைப் பந்தய முடிவுகளுக்கு மேலே என் பெட்டி.
வாரக்கடைசியில் பிறர் எழுதிய விளையாட்டுப் பத்திகளைச்
சுருக்கிச் சொல்வது வேலை. ஆளுக்கு எட்டு வரி.
ஒன்பதாவது ஏறினால் லிஃப்ட் நின்றுவிடும்
என்கிற முகத்தோடு நிற்பார் ஆசிரியர்.

சட்ஸ்வொர்த்தில் ஜூலைக் காலை.
கெட்டில் கொதிக்கும்வரை கைகளைக் கக்கத்தில் ஒளித்து
ஐந்து ஞாயிற்றுத் தாள்களை விரிக்கிறேன்.
மேசை போதாமல் ஒன்று இஸ்திரிப் பலகையில்.

நேற்று ஆட்டம் ஒன்றுதான்.
தொண்ணூறு நிமிடம்; பிறகு அளந்து கொடுத்த நான்கு.
அந்த நான்கில் மூன்றாவதில்
வழி கேட்க வந்த பிள்ளைபோல ஒரு பந்து
மெல்ல உருண்டு வந்து
பிரகாசன் கோவெண்டரின் கால்களுக்கு நடுவே நுழைந்து
வலையைத் தொட்டு நின்றது.

தனசேகரன் பாதயாச்சியின் முதல் வரி:
'வாசல் திறந்திருந்தது, திருடன் தேவைப்படவில்லை.'
நல்ல வரி, எடுத்துக்கொண்டேன்.
அடுத்த முப்பது வரியிலும் அதே கதவு
கிறீச்சிட்டுத் திறந்து மூடுகிறது. விட்டுவிட்டேன்.

ஹுசேன் வாடி எண்களின் ஆள்.
எச்சில் துப்பியதைத் தவிர எல்லாம் எண்ணியிருக்கிறார்.
பந்து யாரிடம் எவ்வளவு நேரம் என்ற சதவீதத்தை
இரண்டு அணிக்கும் கூட்டிப் பார்த்தேன்: நூற்று மூன்று.
அந்த மூன்று
யார் காலில் இருந்ததோ.

கெவின் ஆர்மிட்டேஜ் பாதிப் பத்தி கிரிக்கெட்,
மீதி, தன் முழங்கால் அறுவை.

சிபோ ம்கிசே ஆட்டத்தையே பார்க்கவில்லை;
கோடு போடுகிறவரைப் பார்த்திருக்கிறார்.
மழை அழிக்க அழிக்கச் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளியவரை.
'பிற்பாதியில் பெனால்டிப் பெட்டி எங்கே முடிகிறதென்று
அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.'
இது எட்டில் அடங்கவில்லை.
முழங்காலில் இரண்டு வரி வெட்டி இதற்குக் கொடுத்தேன்.

கடைசியில் விவியன் செட்டி.
முகப்படம் போட்டு எழுதுகிறவர்; படம் பழசு, முடி நிறைய.
'மேற்கு வெயில் கண்ணைக் குத்தியது உண்மைதான்.
ஆனால் வெயில் ஒரு கோல்கீப்பருக்குச் சாக்காகுமா?'

வெயில்!

நான் இருபது ராண்டு வரிசையில்
பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன்.
மூன்றரைக்குப் பிடித்த மழை.
என் பன்னி சௌவில் குழம்பைவிட மழை அதிகம்.
எது மஞ்சள் சட்டை, எது வெள்ளை என்று
சேறு சொல்லவிடவில்லை. பந்து, குளியலறைச் சோப்பு.
ஜூலையில் டர்பனில் எங்கே மழை வரப்போகிறதென்று
சோபாவிலிருந்தே தீர்மானித்துவிட்டார் மனிதர்.

ஆசிரியருக்குப் போன் போட்டேன்.
'உன் வேலை சுருக்குவது. திருத்துவதல்ல.'
சரி.
சுருக்கினேன். எட்டை ஆறாக்கி, ஆறை நாலாக்கி,
வெயிலை உருவியதும்
கையில் மிஞ்சியது அவர் பெயர்.
அதையும் சுருக்கி அனுப்பினேன், ஒன்றுமில்லாமல்.

திங்கட்கிழமை அந்த இடத்தில் டயர் விளம்பரம்.
நாலு வாங்கினால் வீல் பேலன்சிங் இலவசம்.
பிரகாசன் வேலை பார்க்கும் கடை அல்ல,
எதிர்க் கடை.

பஸ் சிவப்பு விளக்கில் நின்றபோது பார்த்தேன்.
ஒட்டுப் போட்ட டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வருகிறதா என்று குனிந்திருந்தான்.
உள்ளேயிருந்து யாரோ உருட்டிவிட்ட சக்கரம்
சரிவில் வேகம் பிடித்து ரோட்டைப் பார்க்க வந்தது.
நிமிராமலே
காலைச் சேர்த்தான்.
நின்றது.

பஸ்ஸில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் எழுதலாம் என்றால்
எனக்கு இருப்பது எட்டு வரி,
அதுவும் வேறு யாராவது
முதலில் எழுதியிருக்க வேண்டும்.