பதினொரு விநாடிப் பனி

கடை மூடப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தாள்.
கையுறையைக் கழற்றவில்லை.
"முகம் தெரிய வேண்டும்" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

குவோப்பியோவில் ஜனவரி.
மூன்று மணிக்கே தெருவிளக்கு.
கண்ணாடி அலமாரியில் ஏழு கேமராக்கள்,
எனக்கு மனப்பாடமான ஒரே பேச்சு:
பெட்டிமேல் நானூறு மடங்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கும்,
நம்பாதீர்கள்,
அது சூப்பில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குகிற கணக்கு.
லென்ஸ் தானாக இழுப்பது இருபது, அதுதான் நிஜம்.
ஆனால் இவை ஏழுமே அகலத்தில் கஞ்சம்.
சமையலறையில் பிறந்தநாள் எடுத்தால்
கேக் இருக்கும், மாமா இருக்க மாட்டார்.
வைட் ஆங்கிள் வேண்டுமென்றால்
முன்னால் திருகும் துணைலென்ஸ் தனி, இருநூறு மார்க்கா,
கதவுநிலை கொஞ்சம் பீப்பாய்போல் வளையும்.

"கதவுநிலையை யார் பார்க்கப் போகிறார்கள்?
என் மகன் ஒஸ்மோ, புய்யோ மேட்டில்
பனிச்சறுக்குக் கட்டையோடு தாவுகிறான். பதினாலு வயது.
தாவுமுன் பயப்படுகிறானா என்று பார்க்க வேண்டும்.
கேட்டால் சொல்ல மாட்டான்."

இருபது மடங்கை எடுத்துக்கொண்டாள் மர்க்கெத்தா.
முக்காலி வேண்டாமாம்:
பத்தொன்பது வருடம் தபால் பிரித்த கை, ஆடாது.
ஜூம் தூரத்தை மட்டும் இழுக்காது அம்மா,
நடுக்கத்தையும் சேர்த்து இழுக்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
மணி ஐந்து. விற்றுவிட்டேன்.

மூன்றாம் வாரம் டேப்போடு வந்தாள்.
கடை டிவியில் போட்டோம்.

திரை முழுக்கப் பையன்.
குறுக்குக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறான்,
மூக்கடியில் உறைந்த சளிகூடத் தெரிகிறது.
உதடு அசைகிறது.
எண்ணுகிறானா, திட்டுகிறானா.
பிறகு கையை விட்டான்,
திரையைவிட்டுப் போனான்.

வெள்ளை.

ஒரு பைன் மரம், வெள்ளை,
வேலிக்கம்பு, வெள்ளை.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லென்ஸ் தேடுகிறது,
மைக் பிடித்ததோ அவள் மூச்சை மட்டும்.
பனிக்கு ஒரு மடங்கும் இருபது மடங்கும் ஒன்றே,
எவ்வளவு நெருங்கினாலும்
நெருங்கிய தடயம் காட்டாது.
பதினொரு விநாடி. மூலையில் எண் ஓடியதால் தெரியும்.

அப்புறம் கட்டைவிரல் எப்படியோ மறுமுனையை அழுத்தியிருக்கிறது.
உலகம் பின்வாங்கியது:
கோபுரம், மேடு, கம்பிவேலி,
கடுகுகளாய் ஜனம்,
எல்லாக் கடுகும் கைதட்டுகிறது.
வெகு கீழே, அவள் தேடிய இடங்களைத் தாண்டி,
நின்றபடி கட்டையைக் கழற்றும் ஒரு புள்ளி.

விழவில்லை.
அவன் இதுவரை தாவாத தூரம் அது.
டேப்பில் அது இல்லை.

"பணத்தைத் திருப்பித் தரவா?"
"அந்த உதட்டை இன்னொரு தடவை போடுங்கள்."
நான்கு தடவை போட்டேன்.
ரிப்பேர் பிரிவிலிருந்து அர்வோவைக் கூப்பிட்டோம்,
காது மந்தம், உதடு படிப்பார்.
பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.
பல் கிட்டித்துப்போயிருக்கும், குளிர், என்றார்.

துணைலென்ஸை எடுத்து வைத்தேன்.
வேண்டாம் என்றாள்.
"முகத்தில் தொடங்கி அகலத்துக்கு வர எத்தனை நேரம்?"
கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான்கு விநாடி.
"அவன் காற்றில் இருப்பது மூன்று."
"ஆமாம்."

கையுறைக்குள்ளிருந்த கட்டைவிரலை
மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்தாள்.
எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.
"அப்படியானால்
அவனுக்கு முன்னால் நான் விட்டுவிட வேண்டும்."