பதினோரு நொடி

டால்விக்கில் ஜனவரி.
பதினொரு மணிக்குத்தான் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்.
மீன் அதற்காகக் காத்திருப்பதில்லை.

காட் மீனைத் துண்டுபோடும் இயந்திரத்தில்
கத்தியைச் சுமந்தோடும் வண்டி
மறுபடி முனகுகிறது.
ஒரே வருடத்தில் மூன்றாவது பேரிங்.
கழற்றினேன். குண்டுகளைச் சுற்றிச் செம்பொடி.
எஃகுத் தண்டவாளத்தில், ஒரே இடத்தில்,
கடுகு கடுகாய்க் குழிகள்.

"கிரீஸ் சரியில்லை" என்றார் ஹால்கிரீமுர்.
கணக்கு எழுதுகிறவருக்கு
எல்லாக் குற்றமும் டப்பாவுக்குள் இருக்கிறது.

ஸ்டெய்ன்வோர் மூன்று டப்பாக்களைத் திறந்து வைத்தாள்.
பழுப்பு நிறத்தது லித்தியம்:
லாரிச் சக்கரத்துக்கு ராஜா,
இந்தக் குளிரில் கொழுக்கட்டை மாவு.
குண்டை உருளவிடாது, இழுத்துக்கொண்டு போகும்.
உணவுப் பக்கம் வர அதற்கு அனுமதியும் இல்லை.
அடுத்தது எண்ணெய், கண்ணாடி மாதிரி:
எங்கே அனுப்பினாலும் போகும்,
எங்கேயும் நிற்காது.
ராத்திரி கழுவும் குழாயைக் கண்டால்
முதலில் ஓடுவது அதுதான்.
மூன்றாவது வெள்ளை.
விரலிடையே வைத்து மெல்லப் பிரித்தாள்.
பாகு பதம் பார்ப்பதுபோல்
ஒற்றைக் கம்பி நீண்டு, நடுங்கி, அறுந்தது.
"இது" என்றாள்.
"நாக்கில் பட்டால் சாகமாட்டாய்.
அதற்காக நக்கிப் பார்க்காதே."

பழையதைச் சொட்டு விடாமல் கழுவினேன்.
நல்லதோடு நல்லது சேர்ந்தால் நல்லது
என்பது கிரீஸில் செல்லாது.
க்டான்ஸ்க் பட்டறையில் ஒருமுறை கலந்திருக்கிறேன்;
விடிந்து பார்த்தால் மோராய் வடிந்து கிடந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போடவேண்டும்:
இரண்டு கிராம்.
மிஞ்சினால் சீல் பிதுங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தோம்.
மூன்றே வாரம்.
மறுபடி செம்பொடி.

அன்றிரவு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு
இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்தேன்.
ரெயிலின் நீளம் ஒன்றரை மீட்டர்.
வண்டி போவது நான்கு விரற்கடை.
போய்,
வந்து,
போய்,
வந்து.
குண்டு ஒரு முழுச்சுற்று உருளுமுன்
திரும்பக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.
நின்ற இடத்தையே நெருடி நெருடி
எஃகு எஃகைத் தின்கிறது.
ஒதுக்கித் தள்ளிய வெள்ளைக் கிரீஸ்
இரு கரையிலும் குவிந்து கிடக்கிறது,
கைக்கெட்டும் தூரத்தில்,
கை நீளாத தூரத்தில்.

மசகு தவறில்லை, ஸ்டெய்ன்வோர்.
மசகிடம் போகத்தான் நாம் விடவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நிரலைத் திறந்தாள்.
அரைமணிக்கு ஒருமுறை
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு,
போய்த் திரும்ப, வெறுங்கத்தி.
பதினோரு நொடி.

ஹால்கிரீமுர் பென்சிலைத் தீட்டினார்.
ஒரு ஷிப்டுக்குப் பதினாறு தடவை,
மூன்று நிமிடம், நூற்றிருபது துண்டு.
"ஒரு பேரிங் மாற்ற அரைநாள்" என்றேன்.
அதையும் எழுதினார்.
வெகுநேரம் இரண்டு எண்களையும் பார்த்தார்.
நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது இரவு மூன்றரை.
கத்தி திடீரென மீனை மறந்துவிட்டு
தன் முழு நீளத்துக்கும் நடக்கிறது.
சத்தமில்லை; ஈரத் துணி நகர்வதுபோல் ஓர் உரசல்.
பெல்ட் நிற்கிறது.
ஆறு மணி நேரமாய் ஒரே சாய்வில் குனிந்திருந்த யாத்விகா
கையுறையை உருவுகிறாள்,
தோளைப் பின்னுக்குத் தள்ளுகிறாள்,
கழுத்தை இடமும் வலமும்
முழுதாய், ஒருமுறை.
எலும்பு சொடுக்கும் ஒலி
எனக்குக் கேட்டது.

அந்தப் பதினாறு தடவையை
யாரும் அவளுக்கென்று கேட்டு வாங்கவில்லை.

எட்டு நொடி.
ஒன்பது.
கையுறையை மாட்டுகிறாள்.