மூன்று நிமிட அறிமுகம்

பதினான்கு பக்கம். ஒன்றாக்கு என்றார்கள்.
விருது மேடையில் அறிமுகத்துக்கு
மூன்று நிமிடம்தானாம்.
மாங்குளத்தில் அன்று மின்சாரம்
போவதும் வருவதுமாய் இருந்தது.
சுகாதாரக் கல்லூரியின் தட்டெழுத்தாளன் நான்.
பீடாதிபதியின் வாழ்க்கையைச் சுருக்கும் வேலை
என் மேசைக்கு வந்தது இப்படித்தான்.

கலாநிதி கனகாம்பிகை செல்லத்துரை.
இரணைமடு அம்மனின் பெயர்.
முதல் வரி: 1983, மலேரியாத் தடை இயக்கம்,
களத் துணையாள்.
கனகராயன் ஆறு வற்றிய மடுக்களில்,
மாட்டுக் குளம்படி பதிந்த பள்ளங்களில்
அகப்பையால் தண்ணீர் மொண்டு
நுளம்புப் புழு எண்ணியிருக்கிறார்.

பிறகு ஊர்கள் பெருத்துக்கொண்டு போயின.
லிவர்பூல். லிலொங்வே. டாக்கா.
ஜெனீவாவில் 11 வருடம்.
கட்டுரைகள் 87.
அதில் ஒன்றின் தலைப்பைத் தட்டி முடிக்கவே
எனக்கு இரண்டு பிளேன்ரீ தேவைப்பட்டது.

"எதை வெட்டட்டும் மெடம்?"
சிவப்புப் பேனையைத் திறந்தார்.
தங்கப் பதக்கம் போயிற்று.
உலக ஆலோசனைக் குழு, அதன் உபகுழு,
உபகுழுவின் இணைத்தலைமை
எல்லாம் அரிசியில் கல் பொறுக்குவதுபோல
ஒவ்வொன்றாய்ப் போயின.
அகப்பை மட்டும் நின்றது.
"இது இருக்கட்டும். இங்கைதான் நான்
பொய் சொல்லாமல் எண்ணப் பழகினனான்."

2008 செப்டெம்பரிலிருந்து
அடுத்த வருடம் யூன் வரை
ஒன்றுமே இல்லை.
"தவறிப் போச்சோ மெடம்?"

தாளைப் பார்த்தபடியே சொன்னார்:
"அப்ப ஜெனீவாவில எனக்கொரு மேசை.
மேசையில இந்த இடத்தின்ர அட்டவணை.
சனத்தொகை எண்ட கட்டத்துக்கு
ஆளுக்கொரு இலக்கம் சொல்லிச்சினம்.
என்ர அக்கா அதுக்குள்ள எங்கையோ நிண்டவ.
நான் கட்டத்தை நிரப்பேல்லை.
நிரப்பாமல் இருந்ததை
வேலை எண்டு எப்பிடி எழுதுறது?"

எனக்கு அப்போது பதினாறு வயது.
நானும் ஒரு கட்டத்துக்குள் இருந்திருப்பேன்,
அல்லது வெளியே.
கேட்கவில்லை.
அந்த இடத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டேன்.
கணினி அதை விழுங்கி
மேலும் கீழும் நெருக்கிவிட்டது.
திரும்பவும் விட்டேன்.

இங்கே வந்த பிறகு செய்தவை
பதினான்கு பக்கத்திலும் இல்லை.
அதனால் நானாகவே சேர்த்தேன்:
முதல் நாளே விடுதிக் கிணற்றில் குடித்துப் பார்த்து
முகம் சுளித்தது.
அந்தக் கிணறு பற்றி அமைச்சுக்கு 19 கடிதம்,
பதில் 2.
அரசியல்வாதி ஒருவரின் மருமகளைச்
சித்தியடைய விடாதது.
ஒட்டுசுட்டான் பஸ்ஸில் மாணவிகளோடு நின்றுகொண்டே போய்
வீடு வீடாக,
"என்ன வருத்தம் எண்டு கேளாதேங்கோ,
எங்கை தண்ணி அள்ளுறியள் எண்டு கேளுங்கோ"
என்றது.

வாசித்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
"கிணத்தை எடுத்துவிடும் தம்பி.
அது இன்னும் முடியேல்லை."
நான் எடுக்கவில்லை.

வவுனியா மண்டபத்தில்
யாரோ ஒருவரின் மடிக்கணினியில்
என் ஒரு பக்கம் திறந்தது.
பாமினி எழுத்துரு அதில் இல்லை.
கலாநிதியும் கனகாம்பிகையும் அகப்பையும்
சிதறிய ஆங்கில எழுத்துக்களாகி,
மெய்யெழுத்தின் புள்ளிகளெல்லாம்
அரைப்புள்ளிகளாகித் தொங்கின.
இலக்கங்கள் மட்டும் மாறவில்லை.
1983. 11. 87. 19. 2.
நடுவில் அந்த வெற்று வரியும்
விட்ட இடத்திலேயே கிடந்தது.

அறிவிப்பாளர் தாளைப் புரட்டுவதுபோல
வெறுங்கையைப் புரட்டினார்.
"அடுத்ததாக... பீடாதிபதி அம்மா."

அவர் எழுந்து போனார்.
ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.
"எங்கட விடுதிக் கிணறு பற்றி" என்று தொடங்க,
முன்வரிசையில் அமைச்சின் செயலாளர்
மணிக்கூட்டைப் பார்த்தார்.
நான் பின்கதவடியில் நின்று
நிமிடம் எண்ணினேன்.
ஏழாவதில் எண்ணுவதை விட்டேன்.